செவ்ரோலே 350: மெயின் ஸ்டட் போட்டால் அலைன் ஹோன் செய்தே ஆக வேண்டுமா?

செவ்ரோலே ஸ்மால் பிளாக் 350 (350 கன அங்குல வி8 இன்ஜின்) ஒன்றைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் மெயின் கேப்புகளைப் பிளாக்கோடு இறுக்கும் பழைய போல்ட்டுகளுக்குப் பதில் ஏஆர்பி நிறுவனத்தின் ஸ்டட் (இரு முனையிலும் மரையுள்ள கம்பி, நட் போட்டு இறுக்குவது) போடலாம் என்று பெட்டியை வாங்கியாகிவிட்டது. மெஷின் ஷாப்பில் கேட்டால் "ஸ்டட் என்றால் அலைன் ஹோன் கட்டாயம்" என்கிறார்கள், அதாவது ஐந்து மெயின் துளைகளையும் ஒன்றாகக் கல்லால் தேய்த்து வட்டமாக்குவது. நண்பரோ "அப்படியே முறுக்கிவிட்டேன், அஞ்சு வருஷமா ஓடுது" என்கிறார். இரண்டும் பாதி பதில்தான். ஸ்டட் மாற்றினால் அளப்பது கட்டாயம். ஹோன் வேண்டுமா என்பதை அந்த அளவுதான் சொல்ல வேண்டும். கேப்பையே மாற்றினால் மட்டும் பேச்சுக்கு இடமில்லை, லைன் போரிங் (துளைகளை வெட்டும் கருவியால் ஒரே வரிசையில் குடைவது) செய்துதான் ஆக வேண்டும்.

போல்ட்டை மாற்றினால் துளையின் வடிவம் ஏன் மாறுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். மெயின் போரின், அதாவது கிராங்க் சுழலும் துளையின், மேல் பாதி பிளாக்கில் இருக்கிறது, கீழ் பாதி கேப்பில். ஃபாக்டரியில் கேப்பைப் போல்ட் போட்டு இறுக்கி வைத்துத்தான் ஐந்து துளைகளையும் ஒரே வரிசையில் குடைந்தார்கள். அந்த இறுக்கத்தில் கேப்பின் கால்கள் இம்மி அமுங்கியிருக்கும், போல்ட் துளையைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு இம்மி கேப் பக்கம் இழுபட்டிருக்கும். அந்த நிலையில் இருந்த வட்டம்தான் இன்று நம் கையில் இருப்பது. இறுக்கம் மாறினால் வட்டமும் மாறும்.

ஸ்டட் போட்டால் இறுக்கம் எப்படியும் மாறுகிறது. பழைய போல்ட் வார்ப்பிரும்பு மரைக்குள் சுழன்றுகொண்டே இறுகும். மரை இஞ்சுக்கு 14. ஸ்டட் பிளாக்கில் சும்மா நிற்கும். நட்தான் சுழலும், அதுவும் இஞ்சுக்கு 20 மரை உள்ள நுனியில், எஃகுமேல் எஃகாக, வழவழப்பான அசெம்பிளி பேஸ்ட்டோடு. டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பானரில்) இரண்டுக்கும் 70 அடி-பவுண்டுதான் காட்டும், அதாவது 95 நியூட்டன் மீட்டர். எண் ஒன்று, இறுக்கம் வேறு. இந்த வேறுபாட்டுக்குப் பிளாக் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது பிளாக்குக்குப் பிளாக் மாறும். அதனால்தான் பொது விதி எதுவும் இங்கே செல்லுபடியாவதில்லை.

அளப்பதற்கு முன்

கேப்பைக் கழற்றியதும் சேரும் முகத்தை, அதாவது பிளாக்கில் உட்காரும் தட்டை முகத்தை, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெஷின் செய்த கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. சாம்பல் கலந்த பழுப்பில் தேய்ந்த திட்டுகள், அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள் இருந்தால், கேப் ஓட்டத்தில் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். பிளாக்கில் கேப் உட்காரும் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களையும் பாருங்கள். கேப்பைக் கையால் அமுக்கியே உள்ளே தள்ள முடிகிறதா? அப்படியானால் பிடிப்பு போய்விட்டது. லேசான சுத்தியல் தட்டுக்கு 'டக்' என்று உட்கார வேண்டும். பிடிப்புப் போன கேப்பை வைத்துக்கொண்டு ஹோன் செய்வது காசைக் கரியாக்குகிற வேலை. இன்று வட்டமாக்கியது நாளை கேப் நகர்ந்ததும் கோணிக்கொள்ளும். பலரும் தவறவிடுகிற இடம் இது. ஷாப்பிலும் சில நேரம் தவறவிடுகிறார்கள்.

கேப்புகளில் எண்ணும், முன்பக்கம் காட்டும் அம்புக்குறியும் இருக்கும். இல்லையென்றால் கழற்றும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இடம் மாற்றிப் போட்ட கேப்பில் எடுத்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

சேரும் முகங்களில் பிசிறு இருந்தால் தட்டையான மெல்லிய எண்ணெய்க் கல்லால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு போதும். அரத்தைத் தொடவே வேண்டாம். 7/16-14 மரைத் துளைகளை மரை சுத்தம் செய்யும் சேஸரால் துடைத்தெடுங்கள். வெட்டும் டேப்பை விட்டால் அது மரையிலிருந்து உலோகத்தை எடுத்துவிடும். பிரேக் கிளீனர் அடித்து, காற்று ஊதி, துளையின் அடிவரை உலர்த்துங்கள். இவை அடைபட்ட துளைகள். அடியில் எண்ணெய் தேங்கியிருக்க ஸ்டட்டை இறக்கினால், அந்த எண்ணெய் ஒதுங்க வழியில்லாமல் பிளாக்கையே விரிசல் விட வைக்கும்.

பிளாக் ஒரு இரவாவது அளக்கும் அறையிலேயே கிடக்கட்டும். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள். 2.64 இஞ்ச் வார்ப்பிரும்புத் துளை 10 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டுக்கு 0.00017 இஞ்ச் விரியும். நாம் தேடுவதே 0.0005 இஞ்ச் என்னும்போது இது சின்ன எண்ணல்ல. மைக்ரோமீட்டரும் கேஜும்கூட அதே அறையில் இருந்திருக்க வேண்டும்.

எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும்

350-இன் மெயின் போர், ஷெல் (துளைக்குள் வைக்கும் மெல்லிய பேரிங் பாதிகள்) இல்லாமல், 2.6406 முதல் 2.6415 இஞ்ச் வரை. மொத்த இடைவெளியே ஒரு தௌவுக்குள். ஒரு தௌ என்பது 0.001 இஞ்ச், 25.4 மைக்ரான். ஜர்னல்கள் (கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதிகள்) ஒன்றுபோல் இருக்காது: முதலாவது 2.4484 - 2.4493, நடு மூன்றும் 2.4481 - 2.4490, ஐந்தாவது 2.4479 - 2.4488. ஐந்தாவதுதான் திரஸ்ட் பேரிங்கும் (கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பது) ஆயில் பம்பும் இருக்கும் பின் கேப்.

எண்ணெய்க் கிளியரன்ஸுக்கு, அதாவது ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் நடுவே எண்ணெய் நிற்கும் இடைவெளிக்கு, பழைய கணக்கு ஒன்று உண்டு: ஜர்னலின் ஒவ்வொரு இஞ்ச் விட்டத்துக்கும் ஒரு தௌ. இந்த இன்ஜினுக்கு அது இரண்டரைத் தௌ. தெருவில் ஓடும் வண்டிக்கு இரண்டிலிருந்து மூன்று தௌவுக்குள் எங்கே வந்தாலும் நிம்மதியாக இருக்கலாம்.

வட்டத்திலிருந்து விலகலை அரைத் தௌவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்துப் பக்கத்து துளைகளின் நேர்வரிசையில் அரைத் தௌ, ஐந்துக்கும் மொத்தமாக ஒரு தௌ. இதைவிடத் தளர்ந்த எல்லையோடு ஓடுகிற சாதாரண இன்ஜின்கள் ஏராளம். ஆனால் ஸ்டட் போடும் அளவுக்குச் சக்தி கூட்டப் போகிறவர் இந்த எல்லையில்தான் நிற்க வேண்டும்.

இரண்டு முறை அளப்பது

ஸ்டட் போட்டு மட்டும் அளந்தால் கோணல் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதனால் முதலில் பழைய போல்ட்டுகளை எண்ணெய் தடவி 70 அடி-பவுண்டுக்கு இறுக்கி ஒரு சுற்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டட் போட்டு இன்னொரு சுற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்டட்டின் வேலை; மீதியெல்லாம் பிளாக்கின் பழைய கதை.

ஸ்டட்டைப் பிளாக்கில் இறக்கும்போது விரல் பலம் போதும். நுனியில் ஆலன் சாவிக்கு இடம் இருப்பது வழிகாட்டத்தான், முறுக்க அல்ல. அடியில் முட்டியதும் நிறுத்துங்கள். அங்கே முறுக்கினால் ஸ்டட் சாய்ந்து நிற்கும், கேப்பை ஒரு பக்கமாகத் தள்ளும். கேப்பை மென்சுத்தியலால் தட்டி உட்கார வைத்த பிறகே நட் போட வேண்டும். நட்டை முறுக்கிக் கேப்பை இழுத்து உட்கார வைத்தால் பள்ளத்தின் சுவர் சிராய்ந்துவிடும்.

பெட்டியோடு வந்த பேஸ்ட்டை நட்டின் மரையிலும், நட் வாஷர்மேல் உரசும் முகத்திலும் தடவுங்கள். டார்க் எண் பெட்டியிலுள்ள தாளில் இருப்பதுதான். வேறெங்கோ படித்த எண் வேண்டாம். இன்ஜின் எண்ணெய்க்கென்று சொன்ன எண்ணை இந்தப் பேஸ்ட்டோடு போட்டால் ஸ்டட் தேவைக்கு மேல் இழுபடும். மூன்று படியில் ஏறுங்கள்: 30, 50, கடைசி எண். பிறகு முழுக்கத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள், இப்படி மூன்று முறை. புது மரையின் கரடு முதல் சில சுற்றுகளில்தான் அடங்கும். முதல் இறுக்கத்தில் கிடைத்த அழுத்தம் நாலாவதில் கிடைப்பதைவிடக் குறைவு. நாலாவது இறுக்கத்தில் அளப்பதுதான் இன்ஜின் ஓடும்போது இருக்கப்போகும் நிலை.

போர் கேஜை (துளையின் விட்டம் அளக்கும் கருவி) 2.6410-க்கு வைத்த மைக்ரோமீட்டரில் பூஜ்ஜியமாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் மூன்று திசை: நேர் செங்குத்து, பிறகு கடிகாரத்தின் பத்து-நாலு, இரண்டு-எட்டு. ஒவ்வொரு திசையிலும் துளையின் முன்விளிம்பு அருகே ஒன்று, பின்விளிம்பு அருகே ஒன்று. ஐந்து துளைக்கு முப்பது எண். பிளாஸ்டிகேஜை (நசுங்கிய அகலத்தால் இடைவெளி காட்டும் மென்மையான இழை) இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அது கிளியரன்ஸைத் தோராயமாகச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது.

எண்கள் எப்படிப் பேசும் என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்ப்போம். மூன்றாவது துளை, போல்ட்டோடு: செங்குத்து 2.6411, மற்ற இரண்டும் 2.6410. ஸ்டட்டோடு: செங்குத்து 2.6403, பத்து-நாலு 2.6411, இரண்டு-எட்டு 2.6410. போல்ட்டில் துளை நல்ல வட்டம். ஸ்டட்டில் செங்குத்து முக்கால் தௌவுக்கு மேல் சுருங்கி, கீழ் எல்லையான 2.6406-ஐத் தாண்டிவிட்டது. கிளியரன்ஸ் 0.0026 இருந்திருந்தால் இப்போது செங்குத்தில் 0.0018 மட்டுமே. சுமை முழுக்க விழும் திசையும் அதுதான். இந்தப் பிளாக்குக்கு ஹோன் வேண்டும்.

அதே துளையில் செங்குத்து 2.6408 என்று வந்திருந்தால்? மூன்று எண்ணும் எல்லைக்குள், விலகல் 0.0003. அப்படியே கட்டலாம். "எதற்கும் ஒரு பாஸ் ஓட்டிவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஹோன் செய்வது இலவசமல்ல, பணத்தில் மட்டுமல்ல. அதைக் கீழே பார்க்கலாம்.

இதற்கிடையே ஒரு சபலம் வரும்: கிளியரன்ஸ் குறைந்தால் ஒரு தௌ கூடுதல் கிளியரன்ஸ் தரும் ஷெல் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன? கிளெவைட் நிறுவனத்தின் எம்எஸ்909 வரிசையில் அப்படி ஒன்று உண்டு. அதன் ஒரு பாதியையும் சாதா ஷெல்லின் ஒரு பாதியையும் சேர்த்து அரைத் தௌ கூட்டுவதும் வழக்கம். துளை வட்டமாக இருந்து அளவு மட்டும் ஓரத்தில் நின்றால் இது நல்ல வழி. துளை கோணலாக இருந்தால் ஷெல்லும் அதே கோணலில்தான் உட்காரும்.

நேர்வரிசை வேறு விஷயம். ஐந்து துளையும் தனித்தனியே நல்ல வட்டமாக இருந்து, வரிசை வளைந்திருக்கலாம். அதிகம் சூடேறிய பிளாக்கில் இது நடக்கும். கேப்புகளைக் கழற்றி, துல்லியமாகத் தேய்த்த நேர்விளிம்புப் பட்டையை ஐந்து மேல் பாதிகளிலும் நீளவாக்கில் வைத்து, அடியில் ஒன்றரைத் தௌ ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். எங்காவது தாராளமாக நுழைந்தால் ஸ்டட் விவாதமே தேவையில்லை, பிளாக் ஷாப்புக்குப் போக வேண்டியதுதான்.

ஹோன் செய்தால் என்ன இழக்கிறோம்

ஹோன் என்றால் முதலில் கேப்பின் சேரும் முகத்திலிருந்து இரண்டு மூன்று தௌ அரைத்து எடுப்பார்கள். துளை செங்குத்தில் அவ்வளவு சுருங்கும். பிறகு ஐந்து துளைக்கும் சேர்த்து நீளக் கம்பியில் கற்களைக் கட்டி ஓட்டி, மறுபடி வட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். கல் கேப்பையும் தின்னும், பிளாக்கையும் தின்னும். கேப்பில் இரண்டு தௌ அரைத்தால் கிராங்கின் மையம் ஏறத்தாழ ஒரு தௌ மேலே, கேம்ஷாஃப்ட் பக்கம், நகரும்.

ஒரு தௌவுக்கு யாரும் பயப்பட வேண்டாம். டைமிங் செயின் அதைவிட அதிகம் முதல் ஓட்டத்திலேயே தளர்ந்துவிடும். ஆனால் இந்த பிளாக்குகள் 1970-களிலிருந்து கைமாறி வருபவை. இதற்கு முன் எத்தனை பேர் ஹோன் செய்தார்கள் என்று பிளாக்கில் எழுதியிருக்காது. கிராங்க், கேம் மையங்களுக்கு இடையே இருக்க வேண்டியது 4.521 இஞ்ச். அது நாலைந்து தௌ குறைந்திருந்தால் ஐந்து தௌ குறைந்த மையத்துக்கென்றே விற்கும் செயின் செட்டை வாங்குங்கள். பத்து தௌவுக்கும் கிடைக்கிறது. செயினுக்குப் பதில் கியர் டிரைவ் போடுகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், பல்லிடைவெளி நேரடியாகக் குறையும்.

திரஸ்ட் முகமும் கவனிக்க வேண்டியது. ஐந்தாவது கேப்பை அரைத்த பிறகு அதன் திரஸ்ட் முகம் பிளாக்கின் முகத்தோடு ஒரே தளத்தில் நிற்காமல் போகலாம். கட்டும்போது மற்ற நாலு கேப்பையும் இறுக்கி, ஐந்தாவதைக் கையளவில் விட்டு, கிராங்கை மென்சுத்தியலால் பின்னும் முன்னும் தட்டி, கடைசியில் முன்பக்கம் நெம்பிப் பிடித்தபடி இறுக்குங்கள். எண்ட் பிளே, அதாவது கிராங்கின் முன்பின் அசைவு, 0.002 முதல் 0.006 இஞ்சுக்குள் வர வேண்டும்.

கேப்பையே மாற்றுவது

இரண்டு போல்ட் பிளாக்கை நாலு போல்ட்டாக்கும் ஆசை பலருக்கு உண்டு. பழைய ஃபாக்டரி நாலு போல்ட் கேப்பை எங்கிருந்தோ வாங்கி, வெளித்துளை இரண்டை நேராகக் குடைவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அந்த இடத்தில் இரும்பு மெல்லியது, குடைந்தால் இன்னும் பலவீனம். அதற்கு இரண்டு போல்ட் கேப்பும் நல்ல ஸ்டட்டும் மேல். உண்மையிலேயே நாலு போல்ட் தேவைப்படும் சக்தி என்றால், வெளி போல்ட்டுகள் சாய்வாகக் கனமான பக்கம் நோக்கி இறங்கும் எஃகுக் கேப்புகள் இருக்கின்றன. நடு மூன்றுக்கும் போடுவது வழக்கம். அவற்றின் துளை வேண்டுமென்றே சிறிதாக வரும். பள்ளத்தை அகலப்படுத்தி, சாய்கோணத்தில் குடைந்து மரை போட்டு, லைன் போரிங் செய்து, கடைசியில் ஹோன். இங்கே ஹோன் மட்டும் போதாது. கல் வரிசையைத் திருத்தாது, இருக்கும் வரிசையைப் பின்தொடரும். வெட்டும் கருவி கொண்டு போர் செய்தால்தான் மையம் நமக்கு வேண்டிய இடத்தில் நிற்கும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு டார்ட் எஸ்எச்பி போன்ற புது பிளாக்கின் விலையையும் ஒரு பார்வை பாருங்கள். பல நேரம் பழைய பிளாக் தோற்றுவிடும்.

ஷாப்பில் என்ன சொல்லி விடுவது

"அலைன் ஹோன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் ஸ்டட், நட், வாஷர், பேஸ்ட், டார்க் தாள் எல்லாம் பிளாக்கோடு போக வேண்டும். அவர்கள் கையிலிருக்கும் போல்ட்டால் இறுக்கி ஹோன் செய்தால் செய்த வேலை வீண். பின் கேப்பில் ஆயில் பம்பை, இல்லையென்றால் பழைய பம்பின் உடலையாவது, 65 அடி-பவுண்டுக்கு இறுக்கி வைத்து ஹோன் செய்யச் சொல்லுங்கள். அந்த ஒரு போல்ட்டும் கேப்பை வளைக்கும்.

ஹோன் செய்து முடிக்கும் அளவை எழுதிக் கொடுங்கள்: 2.6410-க்குப் பக்கத்தில், விலகல் 0.0003-க்குள். மேல் எல்லையை நோக்கிப் போக விட்டால் ஷெல் பிடிப்பு குறையும். ஷெல்லின் இரு முனையும் துளையைவிட இம்மி உயரமாக நின்று நசுங்கிப் பிடிப்பதால்தான் அது சுற்றாமல் நிற்கிறது. வேலை முடிந்ததும் ஐந்து துளைக்கும் எண்களை எழுதி வாங்குங்கள். "நல்லா இருக்கு" என்பது எண் அல்ல.

வரிசையும் முக்கியம். மெயின் லைன் முதலில், டெக் (ஹெட் உட்காரும் மேல்முகம்) மட்டமும் சிலிண்டர் போரிங்கும் பிறகு. அவை இரண்டும் கிராங்க் மையத்திலிருந்துதான் அளக்கப்படுகின்றன. போரிங் செய்யும்போது மெயின் கேப்புகள் ஸ்டட்டோடு முழு இறுக்கத்தில் இருக்கட்டும்.

பிளாக் திரும்பி வந்ததும் எண்ணெய்க் குழாய்களின் அடைப்பான்கள் எல்லாவற்றையும் கழற்றி, நீளத் தூரிகையால் சூடான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஹோன் கல்லின் தூள் பேரிங்கின் மென்உலோகத்தில் புதைந்துகொண்டு ஜர்னலை அரைக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும்.

கட்டுவதற்கு முன் இன்னொன்று. பின் கேப் ஸ்டட்டும் நட்டும் ஆயில் பம்பின் உடலில் இடிக்கிறதா என்று பம்பை வைத்துப் பாருங்கள். சில பம்புகளில் இடிக்கும். அப்போது ஸ்டட்டுக்கென்று இடம் விட்ட பம்பு வாங்குவது நல்லது. விண்டேஜ் டிரே (கிராங்குக்கும் ஆயில் பேனுக்கும் நடுவே வைக்கும் தடுப்புத் தட்டு) வைப்பதானால் அதற்கேற்ற நீளமுள்ள ஸ்டட்டா என்பதையும் இப்போதே பாருங்கள், ஆயில் பேனைப் போட்ட பிறகல்ல.

கடைசியாக, ராட் இல்லாமல், பின் சீல் இல்லாமல், ஷெல்லில் எண்ணெய் தடவி கிராங்கை மட்டும் வைத்து ஒவ்வொரு கேப்பாக இறுக்குங்கள். ஒன்று இறுக்கியதும் ஒரு சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பை இறுக்கியதும் கனத்ததோ அங்கேதான் தவறு. ஐந்தும் இறுகிய பிறகும் முன்பக்க முனையை விரலால் பிடித்தே கிராங்க் சுற்ற வேண்டும். கனமாக இருந்தால் மேலே கட்டாமல் அந்தக் கேப்பைக் கழற்றுங்கள். ஷெல்லின் பளபளப்பு சேரும் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் துளை பக்கவாட்டில் நெருக்குகிறது, கேப்பின் நடுவில் மட்டும் இருந்தால் செங்குத்தில். எண்களைத் திரும்ப எடுத்து அந்தத் துளையை மறுபடி அளங்கள்.